தாகம் நட்ட காடு

வீட்டில் பிள்ளைகளின் பள்ளி அட்லஸ் இருந்தால் எடுத்து விரியுங்கள். ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே கிடக்கும் அட்லாண்டிக் பெருங்கடலில், பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே விரலை மெல்ல நகர்த்துங்கள். ஈ உட்கார்ந்து எழுந்த தடம் போல ஒரு புள்ளி தென்படும். சில அட்லஸ்களில் அதுவும் இராது. அந்தப் புள்ளிதான் அசென்ஷன் தீவு. மேற்கே பிரேசிலுக்கு 2,250 கிலோமீட்டர். கிழக்கே ஆப்பிரிக்கக் கரைக்கு 1,600 கிலோமீட்டர். அக்கம்பக்கத்து வீடு என்று சொல்லத்தக்க செயின்ட் ஹெலினா தீவே 1,300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தீவின் மொத்தப் பரப்பு 88 சதுர கிலோமீட்டர்.

இத்தீவின் நடுவே 859 மீட்டர் உயரத்தில் ஒரு மலை நிற்கிறது. 'பச்சை மலை' என்பது அதன் பெயர். அதன் மீது உங்களை ஒருமுறை அழைத்துச் சென்று வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதை எழுதுபவன் அத்தீவில் கால் வைத்தவன் அல்லன். கப்பல் தலைவர்களும் தாவரவியல் அறிஞர்களும் மலையேறிகளும் எழுதி வைத்த குறிப்புகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்துப் படித்தவன், அவ்வளவே. அங்கே செல்வது எளிதும் அன்று. முன் அனுமதி பெறாமல் எவரும் கரையேற இயலாது. பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட அத்தீவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை யாருக்குமே கிடையாது. வேலை ஒப்பந்தத்தின் பேரில் வந்து, ஒப்பந்தம் முடிந்ததும் புறப்பட வேண்டியவர்களே அங்குள்ள ஏறத்தாழ எண்ணூறு பேரும். ஆகவே எண்ணத்தாலேயே ஏறுவோம். செருப்பு மட்டும் உறுதியானதாக இருக்கட்டும், பாறை கூரியது.

கரையிலிருந்து புறப்படுவோம். தலைநகரான ஜார்ஜ்டவுன் ஒரு சிற்றூர். அதன் ஓரத்து நீண்ட மணற்கரையில், பிரேசில் கடலோரத்திலிருந்து நீந்தி வரும் பச்சை ஆமைகள் ஆண்டுதோறும் ஏறி முட்டையிடுகின்றன. ஊரைத் தாண்டியதும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கறுப்பும் செம்பழுப்புமான கல்வெளி. இது கடலடி எரிமலை ஒன்றின் தலைப்பகுதி. நீருக்கு மேல் தலைகாட்டிப் பத்து லட்சம் ஆண்டுகள் அளவே ஆகியிருக்கும் என்கிறார்கள். நிலவியல் கணக்கில் இது நேற்றுப் பிறந்த குழந்தை. நாற்பதுக்கும் மேற்பட்ட எரிமலை வாய்கள் தீவெங்கும் திறந்து கிடக்கின்றன. சில இடங்களில் உறைந்து கிடக்கும் எரிகுழம்பின் வயது ஆயிரம் ஆண்டுக்கும் குறைவு.

பெய்கின்ற சிறு மழையையும் இந்தச் சாம்பலும் கசடும் உறிஞ்சி விழுங்கிவிடும். ஆறு இல்லை, ஓடை இல்லை. இத்தீவின் கதை முழுவதும் தண்ணீரின் கதையே.

1501இல் போர்த்துக்கீசியர் இதைக் கண்டனர். 1503இல் அல்புகெர்க் வந்தபோது கிறிஸ்தவர்களின் விண்ணேற்றத் திருநாளாக இருந்ததால் அப்பெயரையே தீவுக்கு வைத்துவிட்டார். குடியேற ஒருவரும் விரும்பவில்லை. பின்னால் வரும் கப்பல்களுக்கு இறைச்சியாகட்டும் என்று ஆடுகளை மட்டும் விட்டுச் சென்றனர். 1701 பிப்ரவரியில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவரின் 'ரோபக்' என்னும் கப்பல் இக்கரையோரம் ஓட்டை விழுந்து மூழ்கியது. அவரும் அவருடைய ஆட்களும் ஐந்து வாரங்களுக்கு மேல் இங்கே உயிர் பிழைத்திருந்தனர். காரணம் ஒன்றே ஒன்று: மலைப்பக்கம் தேடியலைந்து ஒரு நீர்க்கசிவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மூழ்கிய அக்கப்பலின் எச்சங்களை 2001இல் கடலடி ஆய்வாளர்கள் கண்டெடுத்தனர்.

டாம்பியரின் நற்பேறு எல்லோருக்கும் வாய்க்கவில்லை. 1725 மே மாதம் டச்சுக் கப்பல் ஒன்று, குற்றத் தண்டனையாக ஒரு மனிதரை இக்கரையில் தனியே இறக்கிவிட்டுப் போயிற்று. லேண்டர்ட் ஹாசன்போஷ் என்பது அவர் பெயர். கொஞ்சம் தண்ணீரும் விதைகளும் ஒரு கூடாரமும் கொடுத்திருந்தனர். அவர் நாட்குறிப்பு எழுதினார். முதலில் கப்பலை எதிர்பார்த்துக் கண்கள் பூத்த செய்தி. பிறகு தண்ணீர் தேடிக் குன்று குன்றாக அலைந்த செய்தி. கிடைத்த சிறு ஊற்று வற்றிப் போன செய்தி. கடைசியில் ஆமையின் இரத்தத்தைக் குடித்த செய்தி. 1726 ஜனவரியில் அவ்வழி வந்த ஆங்கில மாலுமிகள் கூடாரத்தையும் நாட்குறிப்பையும் கண்டனர், அவரைக் காணவில்லை. தலைக்கு மேலே மேகம் கவிந்த மலை நின்றுகொண்டிருக்க, அதன் நிழலில் ஒரு மனிதர் தாகத்தால் மடிந்திருக்கிறார். மலையேறும்போது இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாலை மெல்ல மேடேறுகிறது. இங்கே ஒரு வியப்பு. பாதையின் இருபுறமும் முள் மரங்கள் புதர் புதராக நிற்கின்றன. சிறு சிறு இலைகள், மஞ்சள் பூங்கொத்து, நெற்றுப் போலத் தொங்கும் காய். எங்கோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று தோன்றுகிறதல்லவா? நம்முடைய சீமைக்கருவேல மரமேதான்! இராமநாதபுரத்துக் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கும் அதே மரம். தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து 1870களில் இந்தியாவுக்கு வந்து, 'வறண்ட நிலத்துக்கு விறகாகட்டும், வேலியாகட்டும்' என்ற நல்லெண்ணத்தோடு பரப்பப்பட்டது. பின்னர் அதை வேரோடு பிடுங்கச் சொல்லி வழக்கு மதுரை நீதிமன்றம் வரை போனதை நீங்கள் அறிவீர்கள். அசென்ஷனில் அதற்கு மெக்சிகோ முள் என்று பெயர். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊரழகுக்காக வந்தது. இன்று ஆமை முட்டையிடும் மணற்கரைகள் வரை நெருங்கிவிட்டது. தீவின் இயற்கைப் பாதுகாப்புத் துறையினர் வெட்ட வெட்ட அது துளிர்க்கிறது. கருவேலத்தோடு மல்லுக்கட்டிய நம் விவசாயி எவரையேனும் அங்கே அனுப்பினால் மொழி தெரியாமலே அவர்கள் பேசிக்கொள்வார்கள்.

அடுத்து வரும் சிற்றூரின் பெயர் 'இரண்டு படகுகள்'. கடலை விட்டு இவ்வளவு தூரம் வந்த பின் படகு எங்கிருந்து வந்தது? காரணம் இருக்கிறது. 1815இல் நெப்போலியன் செயின்ட் ஹெலினாவில் சிறை வைக்கப்பட்டபோது, அவரை மீட்க எவரும் அசென்ஷனைத் தளமாக்கிவிடக் கூடாது என்று பிரிட்டிஷ் கடற்படை இங்கே வீரர்களை இறக்கியது. கல்லால் ஆன போர்க்கப்பல் என்று கடற்படைப் பதிவேட்டில் இத்தீவைக் கணக்கெழுதி வைத்தார்கள் என்பது வேடிக்கையான செய்தி. கப்பலானாலும் தீவானாலும் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே! மலையிலுள்ள கசிவுகளிலிருந்து கரைக்கு நீர் சுமந்து வந்தார்கள். நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லாத அந்தப் பாதையில், சுமப்பவர்கள் சற்று ஒதுங்கி நிற்பதற்காகப் பழைய படகை இரண்டாக அறுத்துப் பாதிகளை மண்ணில் செங்குத்தாக நட்டு வைத்தனர். அதுவே ஊரின் பெயராயிற்று. பின்னர் பாறையைக் குடைந்து இரும்புக் குழாய் வழியே மலைநீரை ஜார்ஜ்டவுனுக்கு இறக்கினார்கள். இன்றோ ஊருக்குக் குடிநீர், கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து எடுக்கப்படுகிறது.

இனி ஏற்றம் கடுமை. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் ஏறுகின்றன. ஒவ்வொரு வளைவிலும் காற்று ஒரு பிடி குளிர்ந்து வருவதை முகம் உணரும். முதலில் காய்ந்த புல். பிறகு கொய்யாப் புதர். பிறகு, எதிர்பாராத ஒரு திருப்பத்தில், வாழை! அப்புறம் தென்பசிபிக் கடலின் நார்ஃபோக் தீவைத் தாயகமாகக் கொண்ட ஊசியிலை மரம், ஆஸ்திரேலிய யூக்கலிப்டஸ், காட்டு இஞ்சி. கற்கட்டடங்கள் சில தென்படும். ஒரு காலத்தில் இங்கிருந்த பண்ணை தீவு முழுவதற்கும் காய்கறியும் பாலும் தந்தது. 2005 முதல் இப்பகுதி தேசியப் பூங்கா.

பாதையில் சற்றுக் கவனமாக நடங்கள். உள்ளங்கையை விடப் பெரிய நிலநண்டு ஒன்று வழியை மறித்துக் கொடுக்கை உயர்த்தி நிற்கக்கூடும். ஊதா, மஞ்சள் என்று பல நிறங்களில் உண்டு. இத்தீவில் இயற்கையாகவே வாழ்ந்து வரும் நிலவாழ் உயிரினங்களில் பெரியது அதுவே. மலைமேல் வாழ்ந்தாலும் முட்டையிட ஆண்டுக்கொருமுறை எரிகல்வெளியைக் கடந்து கடலுக்கு இறங்கிப் போய்த் திரும்பி ஏறுகிறது. நாம் சாலையில் வருவதற்கே மூச்சு வாங்குகிறது!

உச்சியை நெருங்கும்போது பாதை சேறாகிறது. நெருக்கமாக வளர்ந்த மூங்கிலின் நடுவே ஓர் ஒற்றையடித் தடம். காற்றில் மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசி முனகுகின்றன. மழை பெய்யவில்லை, ஆனால் உடை நனைகிறது. மேகத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறீர்கள். மூங்கில் திரை விலகியதும் ஒரு சிறு குளம். நம்மூர்ப் பழைய பள்ளிவாசலின் ஹவ்ளை நினைவூட்டும் அமைதி. 'பனிக்குளம்' என்று அதற்குப் பெயர். கடற்படை வீரர்கள் கட்டியது. அருகே ஒரு பெட்டியில் வந்து செல்வோர் கையெழுத்திடும் ஏடும், நினைவுக்குப் பதித்துக்கொள்ள ஒரு முத்திரையும் இருக்கும். தீவின் பல மூலைகளிலும் இத்தகைய பெட்டிகளை வைத்து, ஒவ்வொன்றையும் நடந்தே தேடிச் சென்று முத்திரை சேர்ப்பதை ஊரார் ஒரு பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறார்கள். நல்ல பழக்கம், வாகனத்திலேயே ஊர் சுற்றும் நமக்கும் இப்படி ஏதேனும் வேண்டும்.

குளக்கரையில் சற்று உட்காருங்கள். இனித்தான் செய்தி.

நீங்கள் ஏறி வந்த இந்தக் காட்டில் ஒரு மரம்கூட இத்தீவில் தானாகத் தோன்றியதன்று.

1836 ஜூலையில் சார்லஸ் டார்வின், உலகைச் சுற்றிவிட்டு 'பீகிள்' கப்பலில் நாடு திரும்பும் வழியில் இங்கே இறங்கி இம்மலையில் ஏறினார். (அவருடைய கொள்கையைப் பற்றி நமக்குள்ள கருத்து வேறு, அது இங்கே பேச்சன்று.) மரமே இல்லாத மலையைத்தான் அவர் கண்டார். இருக்கும் நீரில் ஒரு சொட்டும் வீணாகாமல் வீரர்கள் காத்து வருவதைக் கண்டு வியந்தார். ஏழாண்டுகளுக்குப் பின், 1843இல், தென்துருவக் கடல் பயணத்திலிருந்து திரும்பிய கப்பலில் ஜோசப் ஹூக்கர் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். வயது 25. தந்தை, லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்து இயக்குநர். பின்னாளில் மகனும் அதே பதவிக்கு வந்தார். தீவின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு வழி சொல்லும்படி கடற்படை கேட்டபோது ஹூக்கர் சொன்ன வழி: மரம் நடுங்கள்.

அவர் கணக்கு இதுதான். தென்கிழக்குக் காற்று ஓயாமல் கடல் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதுகிறது. மோதி உயரும்போது குளிர்ந்து மேகமாகிறது. குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறம் வியர்க்கக் கண்டிருப்பீர்கள். ஏறக்குறைய அதே செயல்தான். ஆனால் மொட்டை மலையில் அந்த மேகம் தங்குவதில்லை, தடவிவிட்டுப் போய்விடுகிறது. இலைகள் இருந்தால்? ஒவ்வோர் இலையும் ஒரு கிண்ணம். மேகத்தின் நுண்துளிகள் இலையில் ஒட்டித் திரண்டு சொட்டும். கீழே விழும் சருகு மண்ணாகும். மண் நீரைப் பிடித்து வைக்கும். எனவே உச்சியில் பெருமரங்கள், செங்குத்தான சரிவுகளில் மண்ணைக் கட்டிப் பிடிக்கும் செடிகள், தாழ்வில் வறட்சி தாங்குபவை என்று திட்டம் வகுத்தார். 1850 முதல் கப்பல் கப்பலாகச் செடிகள் வந்திறங்கின. ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா என்று எங்கெங்கோ இருந்த தோட்டங்களிலிருந்து வந்த நாற்றுகளைக் கடற்படை வீரர்கள் நட்டார்கள். 1870களின் இறுதிக்குள் மொட்டை மலை பச்சை மலையாகிவிட்டது.

2004இல் டேவிட் வில்கின்சன் என்ற பிரிட்டிஷ் சூழலியலாளர் இதைச் சுட்டி ஒரு கட்டுரை எழுதினார். மேகக்காடு உருவாக இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று நூல்கள் கூறுகின்றன. வெவ்வேறு கண்டங்களின் செடிகளைக் கலந்து நட்ட ஒரு காடு ஒன்றரை நூற்றாண்டில் இயங்கத் தொடங்கிவிட்டதே, இது எப்படி என்பது அவர் எழுப்பிய வினா. அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். பாலைவனங்களைப் பசுமையாக்கத் துடிப்போர் இம்மலையை மேற்கோள் காட்டுகிறார்கள்.

இந்த வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பிள்ளைகளுக்குப் பாடநூலில் வைக்கலாம். ஆனால், மரமே இல்லாத மலை என்றேனேயன்றி ஒன்றுமே இல்லாத மலை என்று சொல்லவில்லை. ஹூக்கர் ஏறியபோது உச்சியில் பெரணிகளும் பாசியும் கம்பளம் விரித்தாற்போல் மூடியிருந்தன. காற்றில் மிதந்து வந்த வித்துகளிலிருந்து முளைத்து, ஆயிரமாயிரம் ஆண்டுகளில் வேறெங்கும் இல்லாத தனி இனங்களாக மாறியவை அவை. பெரணி, புல், சிறுசெடி எல்லாம் சேர்த்து இத்தீவுக்கே உரிய தாவர இனங்கள் ஏறத்தாழ பத்து. அவற்றில் மூன்று இன்று உலகில் இல்லை. ஆடும் மேய்ந்தது உண்மை. ஆனால் வந்தேறிய செடிகளின் நெருக்கடியே அவற்றுக்குப் பெருங்கேடாயிற்று.

என்னை உறுத்துவது வேறொன்று. ஹூக்கர் இதை அறியாதவர் அல்லர். உச்சியில் தாம் கண்ட பெரணிக் கம்பளம் இம்மரங்களால் அழிந்துவிடுமே என்ற அச்சத்தைப் பின்னாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார். தாவரங்களை உயிராய் நேசித்த ஒருவர், தெரிந்தே இதைச் செய்தார். குற்றம் சொல்லலாமா? ஹாசன்போஷின் நாட்குறிப்பைப் படித்தவனுக்கு அது எளிதன்று. நாவறண்டு நிற்கும் மனிதனிடம், இந்தப் புல்லுக்காகப் பொறுத்திரு என்று யார் சொல்வார்? எனினும் நட்டவற்றுள் எத்தனை தண்ணீருக்காக, எத்தனை வெறும் ஆர்வத்துக்காக என்ற கேள்வி என்னை விடுவதில்லை. மேகத்தைப் பிடிக்கப் பத்து வகை மரம் போதாதா? கைக்குக் கிடைத்ததையெல்லாம் நட்டுப் பார்த்த அக்காலத்து மிதப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, இறங்குவோம். திரும்பும் வழி வேறு. மலையின் தோளைச் சுற்றிக் கடற்படையினர் வெட்டிய எலியட் பாதை இருக்கிறது. ஆங்காங்கே பாறையைக் குடைந்த சிறு சுரங்கங்கள், தலையைக் குனிந்துகொள்ளுங்கள். வெளியே வந்ததும் காலடியில் தீவு முழுவதும் விரிந்து கிடக்கும். செந்நிறக் கூம்புகள், கறுப்புக் கல்லாறுகள், 1942இல் அமெரிக்கர் அமைத்த விமானத்தளம், அதற்கப்பால் எல்லாத் திசையிலும் கடல்.

இத்தகைய செங்குத்துச் சரிவொன்றில்தான் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. கொத்துமல்லித் தழையைப் போன்ற நுண்ணிய இலைகளையுடைய ஒரு பெரணி. அரை நூற்றாண்டாக எவர் கண்ணிலும் படாததால் அழிந்த இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். தீவின் இயற்கைப் பாதுகாப்பு அலுவலர் ஸ்டெட்சன் ஸ்ட்ரவுடும் தாவரவியலாளர் ஃபில் லாம்டனும் மலைச்சரிவில் தேடிக்கொண்டிருந்தபோது பாறையிடுக்கில் அது கண்ணில் பட்டது. எல்லாம் சேர்த்து நான்கே நான்கு செடிகள்! 2010இல் இச்செய்தி வெளியானபோது தாவரவியல் உலகமே மகிழ்ந்தது. செடியின் நுண்பகுதியைக் கிருமி படாத கலத்தில் அடைத்து, 24 மணி நேரத்திற்குள் விமானத்தில் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள். அங்கே ஆய்வுக்கூடத்தில் அதிலிருந்து பல செடிகளை வளர்த்தெடுத்தார்கள். எந்தத் தோட்டத்தின் யோசனையால் இம்மலை மரங்களால் மூடப்பட்டதோ அதே தோட்டம்! இன்று தீவிலேயே நாற்றுக்கூடம் அமைத்து, இத்தீவுக்கே உரிய செடிகளை வளர்த்து மீண்டும் மலையில் நட்டு வருகிறார்கள்.

அப்படியானால் வந்தேறிய மரங்களையெல்லாம் வெட்டி எறிந்துவிடலாமே என்று வீட்டில் யாரேனும் கேட்பார்கள். எலியட் பாதையை விட்டு இறங்குமுன், ஈரம் சொட்டும் ஒரு மரக்கிளையருகே சென்று பாருங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரந்தான். கிளையெங்கும் பாசி அடர்ந்திருக்கும். அப்பாசியினிடையே, விரல் நீளம்கூட இல்லாத மெல்லிய பெரணி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். கைபடாமல் குனிந்து பாருங்கள். இத்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம் அது. பாறையில் தன் இடம் பறிபோனதும், பறித்த மரத்தின் மீதே ஏறிக்கொண்டது. மேகம் கிளையைத் தழுவிப் போகிறது, பாசி நனைகிறது, பெரணியின் நுனியில் ஒரு துளி திரண்டு நிற்கிறது.

வெளிச்சம் குறைகிறது. 'இரண்டு படகுகள்' ஊர் வரை வளைவுகள் இன்னும் பல இருக்கின்றன. நண்டுகளை மிதித்துவிடாமல் இறங்குங்கள்.